மூணு கலர் மாத்திரையும் முடி முளைச்ச பாப்பாவும்

பாய்ஸ் ஹாஸ்டல் மக்களே, இந்த வாரம் உங்க ரூம்ல இருந்தே ஆரம்பிக்கலாம். ஷெல்ஃபைத் திறங்க. ஃபேஸ்வாஷுக்குப் பின்னாடி, டியோடரன்ட்டுக்குப் பக்கத்துல, டிராப்பர் வச்ச ஒரு குட்டி பாட்டில் ஒளிஞ்சிருக்கா? மினாக்ஸிடில்! (அட, வெட்கப்படாதீங்க பாஸ்... தேர்டு இயர் வந்தா பாதி பேர் மண்டையில அதுதான் ஓடுது.)

அந்த பாட்டிலுக்கு ரெண்டு கதை உண்டு. முதல் கதை கொஞ்சம் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மினாக்ஸிடில் முதல்ல பிளட் பிரஷருக்கான மாத்திரை. அதைச் சாப்பிட்டவங்களுக்கு நெத்தி, கை, முதுகுன்னு கேக்காத இடத்துல எல்லாம் முடி முளைச்சது. 'பக்க விளைவு'ன்னு தலையில கை வைக்கிறதுக்குப் பதிலா, அதையே தலையில தடவிப் பார்க்கலாமேன்னு யோசிச்சாங்க. 1988-ல அமெரிக்காவுல வழுக்கைக்கான லோஷனா அனுமதி வாங்கிடுச்சு. வில்லன் ஹீரோவான கதை!

ரெண்டாவது கதைதான் நம்ம மேட்டர். ஸ்பெயின் நாட்டுல நவார்ரான்னு ஒரு பகுதி. 2023-ல அங்க ஒரு கைக்குழந்தைக்கு முதுகு, கால் எல்லாம் மளமளன்னு முடி வளர ஆரம்பிச்சது. குழந்தைக்கு எந்த மருந்தும் கொடுக்கலை. துருவித் துருவிக் கேட்டப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. அப்பா வேலைக்கு லீவு போட்டுட்டு முழு நேரமும் குழந்தையைப் பார்த்துக்கிட்டிருந்தார். அவர் தலையில தடவுறது 5 சதவிகித மினாக்ஸிடில். தலையில இருந்தது தோளுக்கும் கைக்கும் ஒட்டி, அங்க இருந்து பாப்பாவுக்குப் போயிருக்கு. அவர் நிறுத்தினதும் பாப்பாவோட முடியும் மெதுவா உதிர்ந்து போச்சு.

இதுல நான் ஆடிப்போனது எங்க தெரியுமா? அந்த கேஸை 'அட, விசித்திரமா இருக்கே'ன்னு பேசிட்டு விட்டிருக்கலாம். விடலை. அங்க இருக்கிற மருந்துக் கண்காணிப்பு மையத்துக்கு ரிப்போர்ட்டா போச்சு. அவங்க ஐரோப்பா முழுக்கச் சேர்ந்த ரிப்போர்ட்டுகளைத் தேடிப் பார்த்தா... அதே மாதிரி இன்னும் சில குழந்தைங்க! ஒவ்வொண்ணும் தனித்தனியா, யாரும் கவனிக்காம, டேட்டாபேஸ்ல தூங்கிக்கிட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் ஐரோப்பிய மருந்து ஏஜென்சி, மினாக்ஸிடில் பாட்டிலோட வர்ற துண்டுச்சீட்டுல ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லிடுச்சு: தடவின இடத்துல கைக்குழந்தை படக் கூடாது!

முப்பத்தஞ்சு வருஷமா கோடிக்கணக்கான தலைகள்ல ஓடின மருந்து. இந்த பக்க விளைவை துண்டுச்சீட்டுல ஏத்த ஒரு குட்டிப் பாப்பாவோட முதுகு வேண்டியிருந்துச்சு.

டெஸ்ட் பண்ணாமலா விக்கிறாங்க?

பண்றாங்க. ஒழுங்காவே பண்றாங்க. ஒரு புது மருந்து கடைக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு கட்டமா மனுஷங்ககிட்ட சோதிக்கிறாங்க. கடைசிக் கட்டத்துல சில நூறுல இருந்து சில ஆயிரம் பேர் வரைக்கும் இருப்பாங்க. பிரச்னையே அந்த நம்பர்தான்.

என்ஜினீயரிங் மக்களே, கால்குலேட்டரை எடுங்க. ஒரு மருந்து 10,000 பேர்ல ஒருத்தருக்கு பயங்கரமான அலர்ஜி தரும்னு வைங்க. 3,000 பேர் வச்சு டெஸ்ட் பண்றீங்க. அந்த 3,000 பேர்ல ஒருத்தருக்குக் கூட அலர்ஜி வராம போறதுக்கு வாய்ப்பு எவ்வளவு? 0.9999-ஐ 3,000 தடவை பெருக்கிப் பாருங்க. 74 சதவிகிதம்! நாலு டெஸ்ட்ல மூணு, 'எல்லாம் ஓகே'ன்னு நல்ல பிள்ளையா சர்ட்டிஃபிகேட் கொடுத்துடும். யாரும் ஏமாத்தலை, கணக்கே அப்படித்தான்.

புள்ளியியல்ல இதுக்கு 'மூணு விதி'ன்னே ஒரு ஷார்ட்கட் இருக்கு. n பேர்கிட்ட சோதிச்சு ஒரு கேஸ் கூட வரலைன்னா, 'ஜீரோ'ன்னு எழுதக் கூடாது. '3-ஐ n-ஆல வகுத்தா என்ன வருதோ, அந்த அளவு வரை இருக்கலாம்'னு எழுதணும். 3,000 பேர்ல ஜீரோன்னா, ஆயிரத்துல ஒண்ணு வரைக்கும் ஒளிஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. பத்தாயிரத்துல ஒருத்தருக்கு வர்ற ஆபத்தை 95 சதவிகிதம் உறுதியா ஒரு தடவையாவது பார்க்கணும்னா, 30,000 பேர் வேணும். அப்படி டெஸ்ட் பண்ணிட்டுத்தான் ஒவ்வொரு மருந்தையும் விடணும்னா, நாம பேரன் பேத்தி எடுத்தப்புறம்தான் கடைக்கு வரும்.

இன்னொரு சிக்கல், அந்த சில ஆயிரம் பேர் யாருங்கிறது. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஏற்கெனவே சுகர், பிரஷர், முட்டி வலின்னு அஞ்சு மாத்திரை போடுற நம்ம தாத்தா... இவங்க பெரும்பாலும் அந்த லிஸ்ட்லயே இருக்க மாட்டாங்க. மருந்து கடைக்கு வந்ததும் முதல் ஆளா வாங்கப் போறது அந்த தாத்தாதான்!

நாலு ஃப்ரெண்ட்ஸ் மட்டும் கிளிக் பண்ணி டெஸ்ட் பண்ணின சிம்போசியம் வெப்சைட், ரெஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு ரெண்டாயிரம் பேர் வந்ததும் படுத்துக்குதே, அதே கதை. கடைக்கு வந்த பிறகுதான் மருந்துக்கு நிஜமான டெஸ்ட் ஆரம்பிக்குது. அந்த டெஸ்ட்ல பேர் கொடுக்காமலே சேர்ந்திருக்கிற ஆளுங்க நீங்களும் நானும்.

நாலு பேரோட விரல் நுனி

இந்தக் கண்காணிப்பு எல்லாம் எப்படி வந்துச்சுன்னு கேட்டா, எல்லாரும் தாலிடோமைட் கதையைச் சொல்வாங்க. 1957-ல ஜெர்மனியில வந்த தூக்க மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு வர்ற காலை நேர வாந்திக்கும் பல நாடுகள்ல கொடுத்தாங்க. 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைங்க கை கால் வளர்ச்சி இல்லாம பிறந்தாங்க. இது பயாலஜி புக்லயே இருக்கும். நான் சொல்ல வர்றது அதுல வர்ற ஒரு கடிதத்தைப் பத்தி.

1960 டிசம்பர் 31. லெஸ்லி ஃப்ளோரன்ஸ்னு ஸ்காட்லாந்து டாக்டர் ஒருத்தர் எழுதின குட்டிக் கடிதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வருது. தாலிடோமைடை ரொம்ப நாளா சாப்பிட்ட தன்னோட நாலு நோயாளிகளுக்கு கை கால் விரல் மரத்துப் போகுது, குறுகுறுங்குது... இதுக்கு அந்த மருந்துதான் காரணமான்னு கேட்டிருந்தார். அவ்வளவுதான். நாலே நாலு பேர்! குழந்தை, கர்ப்பம்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது.

அதே சமயத்துல அமெரிக்காவுல ஃபிரான்சஸ் கெல்சின்னு ஒரு அம்மா, மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ.-வுல புதுசா வேலைக்குச் சேர்ந்திருந்தாங்க. தாலிடோமைடை அமெரிக்காவுல விக்கிறதுக்கான அப்ளிகேஷன் 1960 செப்டம்பர்ல அவங்க டேபிளுக்கு வந்துச்சு. ஏற்கெனவே 'டேட்டா போதாது, இன்னும் கொண்டா'ன்னு இழுத்தடிச்சிக்கிட்டிருந்தவங்க கண்ணுல, 1961 பிப்ரவரியில அந்தக் கடிதம் பட்டுச்சு. பெரியவங்களோட நரம்பைத் தொடுற மருந்து, வயித்துல இருக்கிற குழந்தையை என்ன பண்ணும்? கம்பெனிக்காரங்க போன் மேல போன் போட்டும் கையெழுத்துப் போடலை. 1961 கடைசியில ஜெர்மனியில விட்குண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவுல வில்லியம் மெக்பிரைட்னு ரெண்டு டாக்டர்கள் குழந்தைகளோட விஷயத்தை வெளியில கொண்டு வந்தாங்க. நவம்பர்ல ஜெர்மனியில மாத்திரையை வாபஸ் வாங்கினாங்க. அமெரிக்காவுல அது விற்பனைக்கே வரலை. மறு வருஷம் கென்னடி கையால விருது வாங்கின கெல்சி, 101 வயசு வரை இருந்து 2015-ல இறந்தாங்க.

எல்லாரும் கெல்சியைத்தான் கொண்டாடுறோம். கொண்டாடணும். ஆனா நாலு பேர் விரல் குறுகுறுக்குதுன்னு சொன்னதை, 'வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்'னு அனுப்பி வைக்காம உக்காந்து எழுதிப் போட்ட அந்த டாக்டருக்கும் ஒரு விசில் அடிக்கலாம்தானே?

ஸ்வீடன்ல ஒரு பெரிய டப்பா

அப்புறம் ஒவ்வொரு நாடா விழிச்சுக்கிட்டது. பிரிட்டன் 1964-ல மஞ்சள் கார்டு திட்டம் கொண்டு வந்தது. 1968-ல உலக சுகாதார நிறுவனம் நாடுகளை எல்லாம் ஒண்ணு சேர்த்தது. 1978-ல இருந்து அந்த வேலை நடக்கிற இடம், ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரம். இன்னைக்கு 150-க்கும் மேற்பட்ட நாடுகள்ல இருந்து வந்த 3 கோடிக்கும் மேலான ரிப்போர்ட்டுகள் அங்க ஒரே டேட்டாபேஸ்ல இருக்கு. இந்தியா அதுல சேர்ந்தது 1998-ல.

3 கோடி ரிப்போர்ட்ல எப்படித் தேடுவாங்க? நான் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்டூடன்ட்ங்கிறதால இந்த இடத்துல எனக்கு கண்ணு ரெண்டும் விரிஞ்சது. அவங்களும் 'சிக்னல்'னுதான் சொல்றாங்க! சும்மா ஒரு கணக்கு: ஒரு மாத்திரையைப் பத்தி 1,000 ரிப்போர்ட் வந்திருக்கு. அதுல 50 'தோல்ல தடிப்பு'. அதாவது 5 சதவிகிதம். மத்த எல்லா மருந்தையும் சேர்த்துப் பார்த்தா தடிப்பு 1 சதவிகிதம்தான். அஞ்சு மடங்கு துருத்திக்கிட்டு நிக்குது இல்லையா? அதுதான் சிக்னல். உப்சாலாவுல இதையே இன்னும் கொஞ்சம் ஸ்டைலா, பேயஸ் தேற்றம் வச்சுப் பண்றாங்க. (ஆமா, ப்ராபபிலிட்டி பேப்பர்ல நம்மளை அழ வச்ச அதே பேயஸ்!) சிக்னல் வந்துட்டா குற்றவாளின்னு அர்த்தம் இல்லை. 'இவரைக் கொஞ்சம் கூப்பிட்டு விசாரி'ன்னு அர்த்தம். அதுக்கப்புறம் டாக்டர்கள் ஒவ்வொரு கேஸா உக்காந்து படிப்பாங்க.

இந்த முறைக்கு ஒரு ஓட்டையும் உண்டு. அபூர்வமான நோய்தான் துருத்திக்கிட்டு நிக்கும். மாரடைப்பு மாதிரி ஊரெல்லாம் வர்ற நோய்னா இரைச்சல்ல அமுங்கிடும். வயாக்ஸ்னு ஒரு வலி நிவாரணி, 1999-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கி உலகம் முழுக்க விக்கப்பட்டது. மூட்டு வலிக்காரருக்கு, அறுபது வயசுல மாரடைப்பு வந்தா யார் மாத்திரையைச் சந்தேகப்படுவாங்க? அது மாட்டினது ஒரு பெரிய சோதனையிலதான். 2004 செப்டம்பர் 30-ம் தேதி கம்பெனியே வாபஸ் வாங்குச்சு. அதே வருஷம் டிசம்பர்ல இந்தியாவும் அந்த மருந்தைத் தடை பண்ணுச்சு. ஆக, ரிப்போர்ட் மட்டுமே போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா ரிப்போர்ட்டே வரலைன்னா அபூர்வமான நோய் கூட மாட்டாது. உலகம் முழுக்க எத்தனை வருதுன்னு 2006-ல ஒரு ஆய்வு தொகுத்துப் பார்த்துச்சு. நடக்கிற பக்க விளைவுகள்ல சராசரியா 94 சதவிகிதம் ரிப்போர்ட்டே ஆகுறதில்லை. ப்ரொஃபசர் ஃபீட்பேக் ஃபார்மை நாம நிரப்புற லட்சணம் ஞாபகம் வருதா?

நம்ம பர்ஸ்ல இருக்கிற மாத்திரைகள்

'இதெல்லாம் பெரிய பெரிய மருந்து, நமக்கென்ன'ன்னு நினைக்கிறவங்களுக்கு...

தூசி அலர்ஜிக்குப் போனா டாக்டர் எழுதித் தர்ற மாத்திரையில பெரும்பாலும் மான்டெலுகாஸ்ட் இருக்கும். நல்ல மருந்துதான். ஆனா சிலருக்கு கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு வரைக்கும் போகுதுன்னு ரிப்போர்ட்டுகள் குவிஞ்சதால, 2020 மார்ச்சுல எஃப்.டி.ஏ. தன்னோட உச்சபட்ச எச்சரிக்கையான கட்டம் கட்டின வார்னிங்கை அதுக்குக் கொடுத்துச்சு. மருந்து அமெரிக்காவுக்கு வந்தது 1998-ல. இருபத்திரண்டு வருஷம்! செமஸ்டர் டென்ஷன்ல தூக்கம் வரலைன்னு நினைக்கிற எத்தனை பேர், அது மாத்திரையா இருக்குமோன்னு யோசிச்சிருப்போம்?

செட்ரிசின் நமக்கெல்லாம் பொரிகடலை மாதிரி. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா தினமும் போட்டுட்டு திடீர்னு நிறுத்தினா, சிலருக்கு உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு வருதுன்னு 2025 மே மாசம் எஃப்.டி.ஏ. சொல்லுச்சு. அரிப்புக்குப் போடுற மாத்திரையை நிறுத்தினா அரிப்பு! அதனால எல்லாரும், 'பாரு, நோய் திரும்பிடுச்சு'ன்னு மறுபடி மாத்திரையைத் தேடிப் போயிருப்பாங்க. 2017-ல இருந்து 2023 வரைக்கும் வந்த 209 ரிப்போர்ட்டுகளை வச்சுத்தான் அவங்க அதைக் கண்டுபிடிச்சாங்க. உலகம் முழுக்க எத்தனை கோடி பேர் போடுற மாத்திரை, ஆனா 209 பேரோட அரிப்புதான் லேபிளையே மாத்துச்சு.

கேர்ள்ஸ், இது நமக்கு. அந்த மூணு நாள் வயித்து வலிக்கு நம்ம பேக்ல சீப்பு இருக்கோ இல்லையோ, மெஃப்டால் இருக்கும். அதுல இருக்கிற மருந்து மெஃபனாமிக் ஆசிட். 2023 நவம்பர் 30-ம் தேதி, இந்திய மருந்தக ஆணையம் அதைப் பத்தி ஒரு அலர்ட் கொடுத்துச்சு. இந்தியாவுல இருந்து வந்த ரிப்போர்ட்டுகளை அலசினப்போ, 'ட்ரெஸ்'னு சுருக்கமா சொல்ற ஒரு கடுமையான அலர்ஜி தெரிஞ்சதா சொன்னாங்க. காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுறது, சிலருக்குக் கல்லீரல் மாதிரி உள்ளுறுப்புகள் வரைக்கும் பாதிப்பு. அதுல கொடுமை என்னன்னா, மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துல இருந்து எட்டு வாரம் கழிச்சுத்தான் அது தலை காட்டும். அந்த மாத்திரையையே மறந்திருப்போம்! 'வைரல் ஃபீவர்'னு நிலவேம்புக் கசாயம் குடிச்சிட்டுப் படுத்திருப்போம்.

மாத்திரையைத் தடை பண்ணலை. தூக்கிப் போடவும் சொல்லலை. கவனமா இருங்க, வந்தா சொல்லுங்கன்னாங்க. அவ்வளவுதான் அந்த அலர்ட். அது ரொம்ப அபூர்வம். ஆனா அதைக் கண்டுபிடிச்சது வெளிநாட்டு லேப் இல்லை, நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல யாரோ நிரப்பி அனுப்பின ஃபார்ம்கள். அது எனக்குப் பெருமையா இருந்துச்சு.

'அண்ணா, ஒரு செட்!'

இப்ப நான் கோபப்படப் போற இடம் வந்தாச்சு.

'அண்ணா, லேசா காய்ச்சல், உடம்பு வலி, மூக்கு ஒழுகுது... ஒரு செட் குடுங்கண்ணா!' இந்த டயலாக் பேசாத தமிழ்நாட்டு ஸ்டூடன்ட் உண்டா? மெடிக்கல் ஷாப் அண்ணனும் கத்தரிக்கோலை எடுத்து, நாலு அட்டையில இருந்து டக் டக்னு ஒவ்வொண்ணா வெட்டி, சில சமயம் அட்டையை விட்டே பிதுக்கி எடுத்து, சின்னக் கவர்ல போட்டு, 'காலைல ஒரு செட், நைட்டு ஒரு செட், சாப்பிட்டுட்டுப் போடுங்க'ன்னு நீட்டிடுவார். பில் கிடையாது, பேர் கிடையாது. டாக்டர் ஃபீஸ் மிச்சம். ரெண்டு நாள்ல காய்ச்சல் போயிடும். (பாதி காய்ச்சல் சும்மா இருந்தாலே ரெண்டு நாள்ல போயிடும்ங்கிறது வேற விஷயம்.)

போன செமஸ்டர்ல எங்க ஹாஸ்டல்ல ஒரு செகண்ட் இயர் பொண்ணு இப்படித்தான் ஒரு செட் போட்டா. மத்தியானம் ஒரு கவர். ராத்திரி சாப்பிட்டு இன்னொரு கவர். பதினோரு மணிக்கு 'அக்கா, உதடு ஒரு மாதிரி இருக்கு'ன்னு கதவைத் தட்டினா. உதடு பன் மாதிரி வீங்கியிருந்துச்சு. கழுத்து, கையெல்லாம் திட்டுத் திட்டா சிவப்பு. வார்டன் மேடத்தை எழுப்பி, ஆட்டோ பிடிச்சு, கேஷுவால்டிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அவ குரல் மாற ஆரம்பிச்சிடுச்சு.

டியூட்டி டாக்டர் ஊசி போட்டுக்கிட்டே கேட்ட ஒரே கேள்வி: 'என்ன மாத்திரை சாப்பிட்டே?'

அவ சொன்ன பதில்: 'ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ரோஸ்.'

அந்த டாக்டர் முகத்தை நீங்க பார்த்திருக்கணும். திட்டலை. பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். காலையில வீக்கம் வடிஞ்சிடுச்சு. அவ நல்லா இருக்கா, இப்ப எங்க த்ரோபால் டீம்ல கூட இருக்கா. ஆனா டிஸ்சார்ஜ் சீட்டுல 'மருந்து அலர்ஜி: எதுன்னு தெரியவில்லை'ன்னு எழுதியிருந்துச்சு. 'இந்த மருந்தை இனிமே வாழ்க்கையிலயே தொடாதேன்னு சொல்லணும்மா... எதைன்னு சொல்றது?'ன்னு அந்த டாக்டர் கேட்டது இன்னமும் காதுல இருக்கு. மறுநாள் நாங்க ரெண்டு பேர் கடைக்குப் போய்க் கேட்டோம். 'எல்லாருக்கும் குடுக்கிறதுதான்மா, அன்னைக்கு எது குடுத்தேன்னு ஞாபகம் இல்லையே'ன்னார். அவர் பொய் சொன்ன மாதிரி தெரியலை. நிஜமாவே ஞாபகம் இருக்காது.

அந்த மூணுல ஒண்ணு வலி மாத்திரையா, ஆன்டிபயாட்டிக்கா? அடுத்த தடவை பல்லு பிடுங்கப் போனாலும், ஒரு ஆபரேஷன்னாலும், எந்த டாக்டரும் அவளுக்கு எதைக் கொடுக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டுத்தான் கொடுக்கணும். அவ வீட்டுக்காரங்க இப்பவும் தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுக்கக் கூட பயப்படுறாங்களாம்.

இன்னொரு கோணத்துலயும் பாருங்க. ஒரு பக்க விளைவு ரிப்போர்ட்டுக்கு நாலு விஷயம் இருந்தே ஆகணும்: யாருக்கு வந்தது, யார் சொல்றாங்க, என்ன ஆச்சு, எந்த மருந்து. அவகிட்ட மூணு இருந்துச்சு. நாலாவது, கத்தரிக்கோலோட போயிடுச்சு. உப்சாலாவுல இருக்கிற அந்த பேயஸ் எவ்வளவு பெரிய புத்திசாலியா இருந்தாலும், 'ரோஸ் கலர் மாத்திரை'ன்னு ஒரு ரிப்போர்ட்டை வச்சு என்ன பண்ண முடியும்?

சரி, என்ன பண்ணலாம்?

அட்டையை வெட்டினாலும், பேரும் பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் இருக்கிற பக்கத்தை வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்க. அது முடியலைன்னா அண்ணன் கையில அட்டை இருக்கும்போதே மொபைல்ல ஒரு கிளிக். பொங்கல் செல்ஃபி ஐந்நூறு எடுக்கிறோம், இது ஒண்ணு எடுத்தா மெமரி நிறைஞ்சிடாது. செட் பழக்கத்தை விட்டா இன்னும் நல்லது. பில் கேளுங்க, முறைச்சாலும் கேளுங்க.

ஏதாவது ஏடாகூடமா ஆனா, முதல்ல டாக்டர். அதுலயும் மூச்சுத் திணறல், முகம் வீங்குறது, காய்ச்சலோட தடிப்பு, வாய்ப்புண், தோல் உரியுறது... இதெல்லாம் வந்தா 'காலையில பார்த்துக்கலாம்' கிடையாது, உடனே ஆஸ்பத்திரி. 'அந்த மாத்திரையாலதானா'ன்னு செக் பண்ண மறுபடி ஒண்ணு போட்டுப் பார்க்கிற விஞ்ஞானி வேலை சுத்தமா கூடாது. அதே மாதிரி, வலிப்புக்கோ, ஆஸ்துமாவுக்கோ, மனநல சிகிச்சைக்கோ தினமும் மருந்து எடுக்கிறவங்க இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. நிறுத்துறது அதைவிட ஆபத்தா முடியலாம். டாக்டரைக் கேளுங்க.

உடம்பு தேறினதும் ரிப்போர்ட். இந்தியாவுல இதுக்குன்னே ஒரு திட்டம் 2010 ஜூலையில ஆரம்பிச்சது. முதல்ல டெல்லி எய்ம்ஸ்ல இருந்துச்சு, 2011 ஏப்ரல்ல இருந்து காஸியாபாத்ல இருக்கிற இந்திய மருந்தக ஆணையம் நடத்துது. டாக்டர்தான் சொல்லணும்னு இல்லை. நாமளே சொல்லலாம்! நமக்குன்னு தனி ஃபார்ம் இருக்கு, தமிழ்லயே இருக்கு. கட்டணமில்லா போன் நம்பர் 1800-180-3024. வேலை நாள்கள்ல ஆபீஸ் நேரத்துல கூப்பிடலாம். நாடு முழுக்க நூத்துக்கணக்கான கண்காணிப்பு மையங்கள் இருக்கு, பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகள்ல. உங்க மெடிக்கல் காலேஜ் ஃப்ரெண்டைப் பிடிச்சு, 'ஏ.டி.ஆர். ஃபார்ம் எங்கடா குடுக்கணும்'னு கேளுங்க. பார்மகாலஜி டிபார்ட்மென்ட்டைக் காட்டுவான். (தெரியலைன்னா அவனுக்கு வைவா டைம்ல நல்லதில்லை!)

நான் அந்த ஃபார்மை உக்காந்து முழுசாப் படிச்சேன். நம்ம அரியர் எக்ஸாம் அப்ளிகேஷனை விட சுலபம். நோயாளியோட முழுப் பேர் கூட வேண்டாம், இனிஷியல் போதும். வயசு, என்ன மருந்து, எதுக்காக, என்னைக்கு ஆரம்பிச்சீங்க, என்னைக்கு நிறுத்துனீங்க, என்ன ஆச்சு, இப்ப எப்படி இருக்கு. விவரம் எல்லாம் ரகசியமா வச்சிருப்பாங்க. அந்த மாத்திரைதான் காரணம்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். நிரூபிக்கிறது அவங்க வேலை. ஃப்ளோரன்ஸ் டாக்டரும் 'காரணமா?'ன்னு கேள்விதானே கேட்டார்.

'நாட்டு மருந்துக்கு பக்க விளைவே கிடையாதே'ன்னு ஒரு குரல் கேக்குது. கிடையாதுன்னா ஆயுஷ் அமைச்சகம் சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி மருந்துகளுக்குன்னே தனியா ஒரு கண்காணிப்புத் திட்டம் 2018-ல இருந்து நடத்துமா? அங்கயும் சொல்லலாம்.

எங்க ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல மெஸ் மெனுவுக்குப் பக்கத்துல அந்த 1800 நம்பரைப் பெருசா எழுதி ஒட்டியிருக்கோம். ஒட்டின அன்னைக்கே ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு வந்து, 'அக்கா, மெஸ் சாம்பாரைப் பத்தியும் இதுல சொல்லலாமா'ன்னு கேட்டா. இல்லம்மா, அதுக்கு இன்னும் திட்டம் வரலை!